முதலில் அணைவது போன்தான்

எங்கள் தொழிலுக்குக் குளிர் வேண்டும். வெப்பக் கமரா பூட்டிய ட்ரோனைப் பறக்கவிட்டு, கட்டடத்துக்குள் இருக்கும் சூடு எந்தச் சுவரால், எந்த யன்னல் ஓரத்தால் வெளியே கசிகிறது என்று படம் பிடித்துக் கொடுப்பதுதான் வேலை. உள்ளே சூடும் வெளியே குளிரும் நன்றாக விலகி நின்றால்தான் கசிவு படத்தில் தெரியும். குறைந்தது 10 பாகை வித்தியாசமாவது வேண்டும் என்பது இந்தத் துறையில் எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு. வெயில் பட்ட சுவர் தானே சூடாகிவிடும். பிறகு கசிவு எது, வெயில் எது என்று பிரித்தறிய முடியாது. அதனால் ரொறொன்ரோவில் சனவரி, பெப்ரவரி மாதங்களில், சூரியன் எழும்புவதற்கு முந்திய மணித்தியாலங்கள்தான் எங்களுக்கு வேலை நேரம். ஒரு நாளில் மிகக் குளிரான நேரமும் அதுதான்.

இந்த வேலையை நான் பழகியது ஸ்காபரோவில் ஓர் அண்ணையிடம். கனகாலம் கலியாண வீடியோ எடுத்தவர். ட்ரோன் வந்த புதிதில் மண்டபங்களை மேலிருந்து எடுக்கத் தொடங்கி, பிறகு கட்டட வேலைக்கு மாறினார். பறக்கவிடப் பழகலாம் என்று அவரிடம் போன எனக்கு, முதலில் பறப்பைப் பற்றி அவர் அதிகம் கதைக்கவில்லை. போனைப் பற்றித்தான் கதைத்தார். குளிரில் ட்ரோன் விழுந்துவிடும் என்றுதான் எல்லாரும் பயப்படுகிறார்கள், ட்ரோனுக்கு முன்னால் அணைவது கையிலிருக்கும் போன், அதைப் பாதுகாக்கத் தெரியாதவர் இங்கே மாரியில் இந்த வேலை செய்ய முடியாது என்றார்.

சட்டப் பக்கத்தை நானாகப் படித்தேன். கனடாவில் 2019 யூன் 1 முதல், 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைப் பதிவு செய்ய வேண்டும்; பறக்கவிடுபவருக்கு உரிமச் சான்று வேண்டும். ஆட்களுக்குக் கிட்டப் பறக்க, அடிப்படைச் சான்று போதாது. 50 கேள்விகள் கொண்ட மேல்நிலைச் சோதனையில் 80 வீதம் எடுத்து, பிறகு ஒரு பரிசோதகர் முன்னால் பறந்தும் காட்ட வேண்டும். ட்ரோன் பொதுவாகக் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்க வேண்டும், தரையிலிருந்து 122 மீற்றருக்கு மேலே போகக் கூடாது, இருட்டில் விளக்கு எரிய வேண்டும், இறக்கையிலோ உடலிலோ பனி படிந்திருந்தால் எழுப்பவே கூடாது. இவை எல்லாம் புத்தகத்தில் இருந்தன. குளிரில் போனை எப்படிப் பிடிப்பது என்பது அண்ணையின் கையில் மட்டும்தான் இருந்தது.

அவரிடம் இருப்பது டிஜேஐ நிறுவனத்தின் மேவிக் 2 என்டர்பிரைஸ் டூவல். 2018 இறுதியில் வந்தது, ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான பாரம். இப்போது வரும் வெப்பக் கமரா ட்ரோன்கள் சிலவற்றுக்கு ரிமோட்டிலேயே பெரிய திரை இருக்கிறது. இதற்கு அப்படி இல்லை. ரிமோட்டின் கீழ்ப்பக்கத்தில் இரண்டு கவ்விகள் விரியும். அவற்றுக்கு நடுவே போனைச் செருகி, ஒரு சிறிய வயரால் இணைக்க வேண்டும். வெப்பப் படம், வரைபடம், எச்சரிக்கைகள் எல்லாம் போன் திரையில்தான் வரும்.

இந்த ட்ரோனின் பற்றரிக்குத் தன்னைத் தானே சூடாக்கும் ஏற்பாடு உண்டு. பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை வரை பறக்கலாம் என்பது நிறுவனம் வைத்த எல்லை. அதற்குக் கீழே போனால் அண்ணை வீட்டை விட்டு வெளிக்கிடவே மாட்டார். போனின் எல்லையோ வேறு. ஐபோனைப் பயன்படுத்த அப்பிள் நிறுவனம் குறிக்கும் சூழல் வெப்பநிலை 0 முதல் 35 பாகை வரை. ஆக, நாங்கள் வேலை செய்யும் காலைகளில் ட்ரோன் தன் எல்லைக்குள் நிற்கும். போன் கவ்வியில் ஏறும்போதே தன் எல்லைக்கு வெளியே நிற்கும். இந்த ஒரு இடைவெளியை நிரப்புவதுதான் எனக்கு அவர் தந்த பாடம்.

அந்தப் பாடம் தொடங்கியது ஸ்ரூவ்வில் பக்கம் ஒரு பண்ணை வயலில். உரிமையாளரிடம் அனுமதி வாங்கியிருந்தார். சுற்றிலும் பனி மூடிய வெளி, ஆள் அரவம் இல்லை. பூச்சியத்துக்குக் கீழே 7 பாகை. தன் மேலங்கிப் பையிலிருந்து ஒரு பழைய ஐபோனை எடுத்தார். அது இரவு முழுக்கக் காருக்குள்ளேயே கிடந்தது என்றும், பற்றரி பழசு என்றும் சொன்னார்.

“இண்டைக்கு இந்தப் போன் நிக்கும். நிக்கேக்கை நீர் என்ன செய்யிறீர் எண்டு பாக்கத்தான் வந்தனாங்கள்.”

திரையில் 64 வீதம் என்று காட்டியது. ட்ரோனை 20 மீற்றர் உயரத்துக்கு ஏற்றி, எங்களுக்கு முன்னால் கொஞ்சத் தூரத்தில் நிறுத்தினேன். வயலின் ஓரத்தில் இருந்த களஞ்சியத்தின் கூரை திரையில் தெரிந்தது. எண் 64-லிருந்து 58-க்கு வந்தது, பிறகு 51. சில நிமிடங்களில் 43. அதற்குப் பிறகு 42 வரவில்லை. எச்சரிக்கையும் வரவில்லை. களஞ்சியக் கூரை இருந்த இடத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடியும் அதில் என் தொப்பியின் நிழலும் இருந்தன.

“கீழை பாக்காதையும். மேலை பாரும்” என்றார் அண்ணை.

மேலே ட்ரோன் அசையாமல் நின்றது. போன் அணைந்தது அதற்குத் தெரியாது. ட்ரோனுடன் கதைப்பது ரிமோட். போன் ரிமோட்டில் இருந்து படத்தை வாங்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். இரண்டு குச்சிகளும் வேலை செய்தன. புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப அழைக்கும் பொத்தானும் ரிமோட்டில்தான் இருக்கிறது, போனில் அல்ல. ரிமோட்டின் நடுவே ஒரு சிறிய சாம்பல் திரையும் உண்டு. ட்ரோனின் உயரம், தூரம், மிச்ச பற்றரி மூன்றும் அதில் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தன. அது வரைக்கும் அந்தச் சிறிய திரையை நான் கவனித்துப் பார்த்ததே இல்லை.

பொத்தானை அமத்தட்டோ என்று கேட்டேன். வேண்டாம், கையால் கொண்டுவாரும் என்றார். பொத்தானை அமத்தினால் அது தனக்குக் குறித்த உயரத்துக்கு ஏறி, நேர்கோட்டில் வந்து, தானே இறங்கும். வெறும் வயலில் அதற்குத் தடையில்லை. ஆனால் நாங்கள் வேலை செய்யும் விடியாத இருட்டில், தடைகளைக் காணும் அதன் கமராக்களுக்கு வெளிச்சம் போதாது. அதனால் அந்த உயரத்தைப் பறப்புக்கு முன்பே கட்டடத்துக்கும் மரத்துக்கும் மேலே குறித்து வைக்க வேண்டும். கையால் கொண்டுவரத் தெரிந்துமிருக்க வேண்டும்.

கையால் கொண்டுவருவதற்கு அதன் முகம் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். முன்பக்கக் கைகளில் சிவப்பு விளக்கு, பின்பக்கத்தில் பச்சை. பச்சை தெரிந்தால் அது எங்களுக்கு முதுகு காட்டி நிற்கிறது. வலக்குச்சியைத் தள்ளிய பக்கம் அது போகும். சிவப்பு தெரிந்தால் எங்களைப் பார்த்து நிற்கிறது. இடம் வலம் மாறிவிடும். முதலில் அதைத் திருப்பிப் பச்சையைக் காணச் செய்து, பிறகு மெல்லப் பின்னுக்கு இழு என்பதுதான் முறை. அப்படியே இழுத்து இறக்கினேன். அந்த மாரி முழுக்க, ஒவ்வொரு பயிற்சிப் பறப்பிலும் ஒரு பகுதியைப் போன் திரையைக் கையால் மூடிக்கொண்டு பறக்க வைத்தார்.

இறங்கிய பிறகு அந்தப் பழைய போனைத் தன் உள்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ட்ரோனை மடித்துப் பெட்டியில் வைத்து, பொருட்களைக் காருக்குக் கொண்டுபோன பின் அதை எடுத்து முடுக்கிக் காட்டினார். யாரும் சார்ஜ் போடவில்லை. போன் திறந்தது, 39 வீதம்.

“சார்ஜ் எங்கையும் போகேல்லை. அதுக்குள்ளைதான் கிடந்தது. குளிர்ல அதாலை குடுக்க ஏலாமல் போச்சு.”

ரொறொன்ரோவில் மாரிகாலத்தில் குசினி யன்னலோரம் வைத்த தேங்காய் எண்ணெய்ப் போத்தல் எங்கள் ஆட்களின் வீடுகளில் இருக்கும். போத்தல் நிறைய எண்ணெய். கவிழ்த்தால் ஒரு சொட்டும் வராது. பற்றரிக்குள் நடப்பதும் ஏறத்தாழ அதுதான். லித்தியம் அயன்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு திரவத்தின் ஊடாகப் போய்த்தான் மின்சாரம் வர வேண்டும். குளிரில் அந்தத் திரவம் தடிக்கிறது, அயன்கள் மெதுவாகின்றன, பற்றரியின் உட்தடை கூடுகிறது. அந்த நேரத்தில் திரையும் படமும் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்து அதிக மின்னோட்டத்தைக் கேட்டால் மின்னழுத்தம் சட்டென்று இறங்கும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால், தன் உறுப்புகளைக் காப்பாற்றப் போன் தன்னை அணைத்துக்கொள்ளும். திரையில் தெரியும் வீதம், உள்ளே எவ்வளவு சேமிப்பு உண்டு என்ற மதிப்பீடு மட்டும்தான். இந்தக் குளிரில், இந்த வேகத்தில் அதை எடுக்க முடியுமா என்பதை அந்த எண் சொல்லாது.

பற்றரி பழசானால் உட்தடை ஏற்கெனவே கூடியிருக்கும். சார்ஜ் குறைந்திருந்தாலும் கூடும். குளிர் மூன்றாவதாக வந்து சேரும். பழைய ஐபோன்கள் திடீரென்று அணைந்துபோனதற்கு அப்பிள் நிறுவனம் சொன்ன காரணங்களும் இந்த மூன்றும்தான். 2017 தொடக்கத்தில், அதைத் தடுக்கப் போனின் வேகத்தைக் குறைக்கும் மென்பொருளை அது வெளியிட்டது. ஆண்டு முடிவில் பாவனையாளர்களின் கோபத்துக்கு ஆளானது. பற்றரி மாற்றும் விலையைக் குறைத்து, 2018-இல் பற்றரியின் நலத்தைக் காட்டும் பக்கத்தையும் போனுக்குள் கொண்டுவந்தது. அண்ணை அந்தப் பக்கத்தைத் தவறாமல் பார்ப்பார். 80 வீதத்துக்குக் கீழே போன பற்றரி அவருடைய ரிமோட்டில் ஏறாது. பழைய போன்கள் பயிற்சிக்கு மட்டும்.

ட்ரோனின் பற்றரியும் அதே லித்தியம் வகைதானே, அது ஏன் தாங்குகிறது என்று கேட்டேன். அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். ட்ரோன் பற்றரியில் 59 வாட்-மணி சக்தி இருக்கிறது, அது ஏறத்தாழ அரை மணித்தியாலத்தில் முடிகிறது. அப்படியென்றால் மோட்டார்கள் 100 வாட்டுக்கு மேல் இழுக்கின்றன. அவ்வளவு ஓட்டம் உட்தடையைக் கடக்கும்போது பற்றரிக்குள்ளேயே சூடு பிறக்கிறது. எழுப்பியதும் தாழ்வாக ஒரு நிமிடம் நிறுத்தி வைத்தால் அது தன்னைத் தானே பதப்படுத்திக்கொள்ளும். போனோ சில வாட் மட்டும் செலவழிக்கிறது. பிறக்கும் அந்தச் சின்னச் சூட்டையும் கண்ணாடியும் அலுமினியமும் காற்றுக்குக் கொடுத்துவிடுகின்றன. போதாததற்குக் கவ்வி அதைக் காற்றுக்கு முகம் கொடுக்க நிறுத்தி வைக்கிறது. காலைச் செய்தியில் சொல்லும் காற்றுக் குளிர் மனிதத் தோலுக்கான கணக்கு; காற்று எவ்வளவு அடித்தாலும் போன் வெளி வெப்பநிலைக்குக் கீழே குளிராது. ஆனால் அந்த நிலைக்கு மிக விரைவாகப் போய்விடும். எனவே காற்றுக்கு முதுகைக் காட்டி, ரிமோட்டை வயிற்றோடு அணைத்து நிற்பதும் பறக்கும் பயிற்சியில் ஒரு பகுதி.

இதை விளங்கிக்கொண்ட பிறகு அண்ணையின் ஒழுங்குகள் எனக்குக் கட்டளையாகத் தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் தெரிந்தது.

போன் உள்சட்டைப் பைக்குள், உடம்போடு ஒட்டி இருக்கும். மேலங்கியின் வெளிப்பை உதவாது. களத்துக்கு வந்ததும் முதலில் ட்ரோனை விரித்து இறக்கைகளைத் துடைத்து, பனி படிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது. பிறகு மேலே மின்னும் விளக்கைப் பூட்டுவது. பிறகு சுற்றிவரப் பார்த்து மரம், வயர், ஆட்கள் எங்கே என்று சொல்லிக்கொள்வது. பிறகு ரிமோட். எல்லாம் தயாரான பிறகு, கடைசியாகத்தான் போன் வெளியே வரும். வான்வெளி அனுமதிக்காக நாவ் கனடாவின் செயலியைப் பார்ப்பதும், இடத்தின் வரைபடத்தை இறக்கி வைப்பதும் வீட்டிலேயே முடிந்திருக்கும். களத்தில் போன் விமானப் பயன்முறையில் இருக்கும். கோபுரத்தைத் தேடித் தேடிச் சக்தியை இழக்காது. பறக்கும் படத்தைப் போனுக்குள்ளும் சேமிக்கும் அமைப்பை நிறுத்தி வைப்போம். உண்மையான பதிவு ட்ரோனின் அட்டையில் ஏறுகிறது. விடியாத இருட்டில் திரைக்கு முழு வெளிச்சம் தேவையில்லை, பாதிக்கும் குறைவாகக் குறைக்கலாம். விடிந்து பனி பளிச்சிட்ட பிறகுதான் கூட்ட வேண்டிவரும். அதற்குள் எங்கள் வேலை முடிந்திருக்கும்.

போனின் பின்பக்கத்தில் ஒரு சூட்டுப் பொட்டலம் வரும். இங்கே எல்லாக் கடையிலும் கையைச் சூடாக்க விற்பதுதான். உறையைக் கிழித்ததும் உள்ளே இருக்கும் இரும்புத் தூள் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து சூடாகும். அதை நேரே போனில் ஒட்டக் கூடாது. 50 பாகைக்கு மேலேயும் ஏறக்கூடிய சூடு அது. குளிரிலிருந்து காப்பாற்றப் போய்ப் பற்றரியை வேகவைத்ததாக முடியும். அண்ணை ஒரு பழைய கம்பளிக் காலுறையை வெட்டித் தைத்து வைத்திருக்கிறார். பொட்டலம் அதற்குள், காலுறை போனின் உறைக்கு மேல், இரண்டையும் சுற்றி ஒரு அகலமான ரப்பர் பட்டி. கோடையில் சூடு வெளியேற வேண்டும் என்று போனின் உறையைக் கழற்றுவோம். மாரியில் அதே உறை சூட்டைப் பிடித்து வைப்பதால் கழற்றுவதில்லை. விரலை அடிக்கடி பின்னால் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

“நூறு வீதம் எண்டு காட்டுறதை நம்பாதையும். பின்பக்கத்தைத் தொட்டுப் பாரும். இளஞ்சூடாக் கிடந்தாச் சரி. குளிர்ந்து கிடந்தா, எண் என்ன சொன்னாலும் இறக்கும்.”

சார்ஜ் பற்றியும் ஒரு கண்டிப்பான விதி இருந்தது. குளிர்ந்து அணைந்த போனைக் களத்தில் வைத்துப் பவர் பேங்கில் செருகக் கூடாது. பூச்சியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உள்ளே போய் அமராமல் முனையின் மேற்பரப்பில் உலோகமாகப் படியத் தொடங்கும். அந்தப் பாதிப்பு சூடாக்கினாலும் திரும்பாது. இக்காலப் போன்கள் பல அந்த நிலையில் சார்ஜை ஏற்காமலோ மெதுவாக்கியோ தற்காத்துக்கொள்கின்றன. அதை நம்பி விளையாட வேண்டாம் என்பார். முதலில் சூடு, பிறகு சார்ஜ். அதேபோல, குளிர்ந்த போனையும் ட்ரோனையும் காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பையில் போட்டு மூடிய பிறகுதான் சூடான காருக்குள்ளோ வீட்டுக்குள்ளோ கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த கண்ணாடியிலும் லென்சிலும் தண்ணீராய்ப் படியும். பைக்கு வெளியே படிந்தால் துடைத்துவிடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே இரண்டாவது போன். அதே செயலி, அதே கணக்கில் உள்நுழைந்து, முழுச் சார்ஜுடன் இன்னொரு உள்சட்டைப் பையில் இருக்கும். ட்ரோன் ஆகாயத்தில் நிற்க, போனை மாற்றப் பழக்கினார். குச்சிகளை விட்டால் ட்ரோன் ஜிபிஎஸ் பிடித்து அப்படியே நிற்கும். ஒருவர் கண்ணை மேலே வைத்திருக்க வேண்டும்; மற்றவர் வயரைக் கழற்றி, பழைய போனை எடுத்து, புதியதைச் செருக வேண்டும். குளிரில் வயரின் ரப்பர் விறைத்து நிற்கும். தடித்த கையுறையால் அதைப் பிடிக்க முடியாது. விரல் நுனி மட்டும் திறந்து மூடும் கையுறையை அதற்காகத்தான் வாங்கினோம்.

இதற்கு இவ்வளவு பாடா என்று கேட்பவர்கள் உண்டு. நாங்கள் படம் பிடித்த ஒரு பழைய அடுக்குமாடியை நினைத்துச் சொல்கிறேன். வடக்குப் பக்கச் சுவரோடு ஒட்டிய அறை எப்போதும் குளிர் என்று அங்கே ஒரு தமிழ் அம்மா முறையிட்டுக்கொண்டே இருந்தார். ஹீற்றர் வேலை செய்கிறது, யன்னல் பூட்டித்தான் இருக்கிறது, வயதானதால் அவருக்குக் குளிர் கூடத் தெரிகிறது என்று பதில் சொல்லி வந்தார்கள். விடியாத காலை நாங்கள் அந்தச் சுவரோரம் மெல்ல ஏறியபோது, அவருடைய தளத்தில் யன்னலுக்குக் கீழே ஒரு அகலமான பட்டை மற்றச் சுவரைவிடப் பிரகாசமாகத் தெரிந்தது. அங்கே சுவருக்குள் வெப்பத் தடுப்பு இருக்கவில்லை.

அந்தப் பறப்பின் நடுவில் எங்கள் முதற்போன் அணைந்தது. காற்று திசை மாறி, கட்டடத்தின் மூலையைச் சுற்றி நேரே எங்கள் மேல் அடித்தது. நான் மேலே பார்த்தேன். பச்சை விளக்கு தெரிந்தது. சாம்பல் திரையில் உயரத்தையும் மிச்ச பற்றரியையும் வாசித்து அண்ணைக்குச் சொன்னேன். ட்ரோனைச் சுவரிலிருந்து பின்னுக்கு இழுத்து, வெறும் வாகனத் தரிப்பிடத்துக்கு மேலே நிறுத்தினேன். அண்ணை வயரை மாற்றினார். படம் திரும்பி வந்ததும், விட்ட தளத்திலிருந்து தொடர்ந்து எடுத்தோம். அறிக்கையில் அந்தப் பட்டையின் படம் தெளிவாக இருந்தது. சுவரைத் திறந்து தடுப்பு வைக்கும் வேலையும் பிறகு நடந்தது.

அந்த அம்மாவுக்குப் போன் எத்தனை வீதத்தில் அணைந்தது என்பது தேவையில்லை. அவர் சொன்னது உண்மை என்று காட்டும் படம்தான் தேவை. அந்தப் படத்தை எடுக்கக்கூடிய நேரம், கருவி மிகவும் தளர்ந்துபோகும் அதே நேரமாக அமைந்துவிட்டது. ஆகவே இந்த வேலைக்குப் பழக வருகிறவர்களுக்கு நானும் அண்ணை எனக்குச் சொன்ன ஒழுங்கிலேயே சொல்கிறேன். முதலில் போன் திரையை மூடிக்கொண்டு ட்ரோனைத் திருப்பிக் கொண்டுவரப் பழகுங்கள். பிறகு போனைச் சூடாக வைத்திருக்கப் பழகுங்கள். இந்த இரண்டும் கைக்கு வந்த பிறகு கமராவுக்கு வாருங்கள். படம் எடுக்கப் பழக மாரி நீளமானது.